வீட்டுக்குள் நீராவி ரயில் ஓட்டிக் காட்டியவர்

பொம்மைக் கடையில் விற்கும் ரயிலுக்குச் சாவி கொடுத்தால் ஓடும். சாவி தீர்ந்தால் நிற்கும். உண்மையான நீராவியில் ஓடும் குட்டி எஞ்சின் அப்படிப்பட்டதல்ல. அதற்குத் தண்ணீர் வேண்டும், நெருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். லோகோ ஷெட்டில் நிற்கும் பெரிய எஞ்சினுக்கு என்னென்ன பணிவிடை உண்டோ, அத்தனையும் முழ நீளமுள்ள இந்தக் குட்டி எஞ்சினுக்கும் உண்டு.

இத்தகைய எஞ்சின்களைப் பணக்காரர்களின் அலங்காரப் பொருளாக இருந்த நிலையிலிருந்து மாற்றி, சாதாரணக் குடும்பத்துக் கைவேலைப் பிரியரும் வாங்கவும், பிரித்துப் பார்க்கவும், பழுது பார்க்கவும், தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் வழி செய்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பெயர் வென்மன் ஜோசப் பாசெட்-லோக். ஐரோப்பாவில் மாடல் ரயில் வைத்திருக்கும் எவரிடமும் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே தெரிந்துகொள்வார்கள். நம் நாட்டு அரண்மனை ஒன்றின் சாப்பாட்டு மேஜையிலும் அவருடைய கம்பெனியின் கைவண்ணம் ஓடியிருக்கிறது.

பாயிலர் பட்டறையில் பிறந்த ஆசை

பாசெட்-லோக் 1877ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி நார்த்தாம்ப்டன் நகரில் பிறந்தார். லண்டனுக்கு வடமேற்கே உள்ள இந்த ஊர் அன்று பூட்ஸ், செருப்புத் தொழிலுக்குப் பேர்போனது. செருப்புத் தொழிற்சாலைகளின் எந்திரங்களுக்கு நீராவி வேண்டும். நீராவிக்குப் பாயிலர் வேண்டும். பாயிலர் செய்வதும் எந்திரங்களைப் பழுது பார்ப்பதும்தான் லோக் குடும்பத்தின் தொழில். தந்தை ஜோசப் டாம் லோக் அந்தப் பட்டறையை நடத்தி வந்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனைக் கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் சேர்த்தார்கள். சிறிது காலம் அங்கே இருந்தார். வரைபலகையும் ஸ்கேலும் பழகிப்போயின. ஆனால் மனம் அதில் நிலைக்கவில்லை. தந்தையின் பட்டறைக்கே திரும்பி வந்து தொழில் பழகினார். கட்டடங்களின் மீது அப்போது உண்டான மோகம் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

பட்டறையில் வேலை பழகும்போதே ஓய்வு நேரத்தில் சிறிய நீராவி எஞ்சின்கள் செய்து பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. அந்த நாளில் இப்படி முயன்ற எல்லோருக்கும் ஒரே இடையூறுதான். நல்ல பாகங்கள் கிடைக்காது. சின்னஞ்சிறு சேப்டி வால்வு, பிரஷர் கேஜ், சரியான வட்டத்தில் வார்த்த சக்கரம், திருகாணி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. லேத் இல்லாதவர் ஆசையை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மற்றவர்கள் குறையாகக் கண்டதை பாசெட்-லோக் வியாபாரமாகக் கண்டார்.

தபாலில் வந்த பாகங்கள்

1898ஆம் ஆண்டு ஜனவரியில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் மாடல் எந்திரப் பிரியர்களுக்கென்றே லண்டனில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் விளம்பரம் செய்து தபாலில் பாகங்கள் விற்றால் நாடு முழுவதும் வாங்குவார்கள் என்று பாசெட்-லோக் கணக்குப் போட்டார். தந்தையின் பட்டறையில் கணக்கராக இருந்த ஹாரி பிராங்க்ளின் கூட்டாளியாகச் சேர்ந்தார். ஒருவருக்கு எந்திரம் தெரியும்; மற்றவருக்குக் கணக்கு தெரியும். இருவரும் சேர்ந்து விலைப்பட்டியல் ஒன்று தயாரித்தார்கள். அதில் பாகங்களின் உண்மையான புகைப்படங்களையே ஒட்டி அனுப்பினார்கள். தூரத்து ஊரில் இருந்த வாடிக்கையாளர், தாம் வாங்கப்போவது என்ன என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் அனுப்பலாம்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. முழு எஞ்சினையும் ஒரே நேரத்தில் வாங்க வசதியில்லாதவர் ஒரு மாதம் சக்கரம், அடுத்த மாதம் சிலிண்டர் வார்ப்பு, அதற்கடுத்து பாயிலர் என்று சேர்த்துக்கொள்ளலாம். வார்ப்பாக வாங்கி அரம் போட்டு வேலை பார்ப்பவருக்கு ஒரு விலை. கடைந்து முடித்துத் திருகாணி மட்டும் முடுக்கும்படி வாங்குபவருக்கு ஒரு விலை. ஓடத் தயாராக வாங்குபவருக்கு வேறு விலை. கைத்திறனுக்கும் கையிருப்புக்கும் தக்கபடி ஆள் தேர்ந்துகொள்ளலாம். பாசெட்-லோக்கின் வெற்றிக்கு அடிப்படை இந்த ஏற்பாடுதான்.

பாரிசில் திறந்த கதவு

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. இருபத்திரண்டு வயது பாசெட்-லோக் அதைப் பார்க்கப் போனார். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்து வந்திருந்த பிங் கம்பெனியின் பொம்மைகள் அவர் கண்ணைப் பறித்தன. தகரத்தை அழுத்தி உருவாக்குவதிலும் வண்ணம் அச்சிடுவதிலும் அன்று நூரம்பர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவர்கள் செய்த எஞ்சின்கள் எந்த நாட்டு எஞ்சினையும் போல இல்லை. எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம்தான்.

இங்கிலாந்தில் நிஜமாகவே ஓடும் எஞ்சின்களின் அளவில், அவற்றின் நிறத்தில், அவற்றின் பெயரோடு செய்து தந்தால் தாம் விற்றுத் தருவதாகச் சொல்லி அவர்களை இணங்க வைத்தார் பாசெட்-லோக். இப்படி வந்தவற்றுள் முதன்மையானது 'பிளாக் பிரின்ஸ்' என்ற எஞ்சின். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் அதே பெயரில் ஓடிய கறுப்பு எஞ்சினின் சிறு பிரதி அது. ஸ்டேஷனில் பார்த்த எஞ்சினே வீட்டுக்குள் ஆவி விட்டுக்கொண்டு வந்ததும் ஜனங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

உருவம் சரியாக இருக்க வேண்டுமானால் வரைபடம் சரியாக இருக்க வேண்டும். அதற்கு ஹென்றி கிரீன்லி என்ற பொறியாளர் வாய்த்தார். லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் வரைபட அலுவலகத்தில் பயின்றவர் அவர். தண்டவாளம், ஸ்லீப்பர், பாயிண்ட் வேலைகளுக்கு ஜார்ஜ் வின்டரிங்ஹாம் என்பவர் கிடைத்தார். பாசெட்-லோக் தாமே எல்லாவற்றையும் செய்ய முயலவில்லை. எந்த வேலைக்கு எவர் தகுதியானவர் என்று கண்டுபிடிப்பதே அவருடைய தனித்திறமை. 1908இல் லண்டனில் ஹை ஹோல்பர்ன் தெருவில் கடை திறந்தார். மறு ஆண்டில் மாடல் ரயில்களுக்கென்றே கிரீன்லியை ஆசிரியராகக் கொண்டு ஒரு பத்திரிகையும் வெளிவந்தது.

சிறிதாக்கினால் வரும் சிக்கல்

பெரிய எஞ்சினை அப்படியே சிறிதாக்கினால் ஓடாதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் கஷ்டம் இருக்கிறது.

நம் நாட்டு பிராட் கேஜில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். இங்கிலாந்தில் 1,435 மில்லிமீட்டர். வீட்டு ரயிலில் 'ஒன்றாம் கேஜ்' என்பது 45 மில்லிமீட்டர். 'பூஜ்ய கேஜ்' என்பது 32 மில்லிமீட்டர். ஒன்றாம் கேஜ் எஞ்சின், நிஜ எஞ்சினில் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு நீளம். ஆனால் பாயிலரின் மேற்பரப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். அதற்குள் பிடிக்கும் தண்ணீரோ முப்பத்திரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதாவது, உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால், சூட்டை வெளியே விடும் பரப்பு 32 மடங்கு அதிகம். தம்ளர் காப்பி அண்டா வெந்நீரைவிடச் சீக்கிரம் ஆறிப்போவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே குட்டி எஞ்சினில் ஆவி உண்டாக்குவதும் கஷ்டம். உண்டான ஆவியைச் சிலிண்டர் வரை தண்ணீராக மாறாமல் கொண்டு சேர்ப்பதும் கஷ்டம். ஆரம்ப கால எஞ்சின்களில் பாயிலர் ஒரு மூடிய பித்தளைக் குழாய்தான். அதன் அடியில் ஸ்பிரிட் விளக்கு எரியும். அனலில் பாதி காற்றோடு போய்விடும். பிறகு ஸ்மிதீஸ் என்பவர் ஒரு முறையைக் கண்டார். வெளிக்கூட்டுக்குள் சிறிய பாயிலரை அடக்கி, அதன் அடியில் மெல்லிய நீர்க்குழாய்களை ஓட்டி, சுடர் அந்தக் குழாய்களைத் தழுவிச் செல்லும்படி அமைத்தார். கிரீன்லி இதை எடுத்தாண்டார். பாசெட்-லோக் கம்பெனியின் நல்ல எஞ்சின்கள் பலவும் இப்படி அமைந்தவையே.

ஒரு ஓட்டத்துக்கு எத்தனை பணிவிடை

இத்தகைய எஞ்சினை வைத்திருப்பவர் டிரைவர், ஃபயர்மேன், ஃபிட்டர், கிளீனர் ஆகிய நான்கு வேலைகளையும் ஒருவராகவே பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் பாயிலருக்குள் வெந்நீர்ப் பானையில் படிவதுபோல் படிந்துவிடும். பெரிய பாயிலரைத் திறந்து சுத்தம் செய்யலாம்; இதைத் திறக்க முடியாது. எனவே மழைத் தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர்தான் உத்தமம். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. ஆவிக்கு இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் கொதித்த தண்ணீர் சிலிண்டருக்குள் பாய்ந்து புகைபோக்கி வழியே தெறிக்கும்.

அடுத்தது எண்ணெய். சக்கர அச்சுகளுக்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு போதும். சிலிண்டருக்கு ஆவிச் சூட்டைத் தாங்கும் கெட்டி எண்ணெய் வேண்டும். அதற்கென்று ஆவிக் குழாயின் பக்கத்தில் சிறு கிண்ணம் ஒன்று இருக்கும். அது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. கொஞ்சம் ஆவி கிண்ணத்துக்குள் புகுந்து குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதந்து, கிண்ணம் நிரம்ப நிரம்பச் சிறிது சிறிதாக ஆவியோடு கலந்து சிலிண்டருக்குப் போகும். ஓட்டம் முடிந்ததும் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்ற வேண்டும். இதை மறந்தவரின் பிஸ்டன் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

மூன்றாவது விளக்குத் திரி. இறுக்கித் திணித்தால் ஸ்பிரிட் மேலேறாமல் சுடர் மங்கும். தளர விட்டாலோ நீளமாக விட்டாலோ சுடர் வெளியே நீண்டு, ஆசையாகப் பூசிய பெயின்ட்டைக் கொப்பளிக்க வைக்கும். தண்ணீர் வற்றிய பின்பும் விளக்கு எரிந்தால் ஈயப் பற்று உருகி மூட்டுகள் விட்டுப்போகும். ஆகவே விளக்கில் ஊற்றும் ஸ்பிரிட், தண்ணீர் வற்றுவதற்கு முன்பே தீரும்படி அளந்து ஊற்றுவதே பாதுகாப்பு. சேப்டி வால்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தூக்கிப் பார்ப்பதும் கட்டாயம். அளவு சிறியதே தவிர, ஆவி ஆவிதான்.

ஓட்டம் முடிந்தால் சூடு ஆறுவதற்குள் துடைத்து, மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்து, ஈரம் போக வைத்து, எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்து வைக்க வேண்டும். பிஸ்டன் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆவி கசிந்தால், கிராஃபைட் பூசிய நூலைச் சுற்றி மூடியை அளவோடு முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் தண்டு பிடித்துக்கொள்ளும். இத்தனையும் கற்றுக்கொள்ளும் சிறுவன் தன்னை அறியாமலே நீராவிச் சாஸ்திரத்தின் பாதியைக் கற்றுவிடுகிறான்.

இந்தப் பணிவிடையைச் சுமையாக நினைத்து வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று வேறு வியாபாரிகள் அஞ்சினார்கள். பாசெட்-லோக் அஞ்சவில்லை. திரி, பேக்கிங் நூல், உதிரி வால்வு எல்லாம் தம் விலைப்பட்டியலிலேயே வைத்தார். எஞ்சின் விற்றதோடு உறவு முடிந்துவிடவில்லை.

ஒரே எஞ்சின், பல முகம்

தம் ஊர் வழியே ஓடும் எஞ்சின்தான் தமக்கு வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை. இங்கிலாந்தில் அன்று தனித்தனி ரயில்வே கம்பெனிகள் பல. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குக் கறுப்பு. புகைபோக்கியின் விளிம்பு முதல் டோமின் வடிவம் வரை ஒவ்வொன்றிலும் வேறுபாடு.

இதற்கும் வழி செய்தார். புகைபோக்கி, டோம், பஃபர், விளக்கு, கைப்பிடிக் கம்பி, எண் தகடு எல்லாம் தனித்தனியாகக் கிடைத்தன. வாங்கிய எஞ்சினின் புகைபோக்கியைக் கழற்றி வேறொன்று மாட்டி, பழைய பெயின்ட்டைச் சுரண்டி, புது வண்ணம் பூசி, மெல்லிய கோடுகள் இழுத்து, அதை வேறு ரயில்வேயின் எஞ்சினாக மாற்றிக்கொள்வது பலருக்குப் பொழுதுபோக்காயிற்று. 1923இல் அந்தக் கம்பெனிகள் நான்கு பெரிய ரயில்வேக்களாக இணைக்கப்பட்டன. அதன் பிறகு வந்த 'மோகல்' வகை எஞ்சினை நான்கு ரயில்வேக்களுக்கும் ஏற்றபடி நான்கு தோற்றங்களில் விற்றது கம்பெனி. வசதி படைத்தவர்கள் நிஜ எஞ்சினைக் குறிப்பிட்டு, அதே போல ஒன்று தனியாகச் செய்துதரச் சொல்லியும் வாங்கினார்கள்.

ஆள் ஏறும் ரயிலும் அரண்மனை ரயிலும்

தரையில் ஓடும் ரயிலோடு அவர் நிற்கவில்லை. ஆட்கள் ஏறிச் செல்லும் குட்டி ரயில்களைப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் அமைக்கத் தனிக் கம்பெனி தொடங்கினார். கிரீன்லி வரைந்த 'லிட்டில் ஜயன்ட்' என்ற எஞ்சின் 1905இல் பிளாக்பூல் கடற்கரையில் ஓடியது. தண்டவாள இடைவெளி 15 அங்குலம்தான். ஆனாலும் பெட்டி நிறைய ஆட்களை இழுத்தது.

வடமேற்கு இங்கிலாந்தில் ராவன்கிளாஸ் என்ற ஊரிலிருந்து மலைப் பள்ளத்தாக்குக்கு 1875இல் இரும்புத் தாது சுமக்கப் போட்ட ஒரு பாதை, நஷ்டத்தில் மூடப்பட்டுக் கிடந்தது. 1915இல் பாசெட்-லோக்கும் அவர் கூட்டாளிகளும் அதை எடுத்து 15 அங்குலப் பாதையாக மாற்றி ரயில் விட்டார்கள். சுமார் ஏழு மைல் நீளமுள்ள அந்தப் பாதையில் இன்றும் நீராவி எஞ்சின்கள் சுற்றுலாப் பயணிகளை இழுத்துக்கொண்டு போகின்றன.

நம் நாட்டோடு அவருக்கு உள்ள தொடர்பு குவாலியரில் இருக்கிறது. சிந்தியா மகாராஜாவின் ஜெய் விலாஸ் அரண்மனையில் விருந்து மேஜையின் மீது ஓடிய வெள்ளி ரயில், நார்த்தாம்ப்டனிலிருந்து பாசெட்-லோக் கம்பெனி செய்து அனுப்பியது. அதன் வண்டிகளில் சிந்தியா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மதுக் குப்பிகளையும் சுருட்டுகளையும் சுமந்துகொண்டு விருந்தினர் ஒவ்வொருவர் முன்பும் அது வலம் வரும். இது மின்சாரத்தில் ஓடுவது. தீயும் ஆவியும் விருந்து மேஜைக்கு ஆகாது அல்லவா! அரண்மனையின் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இன்றும் தவறாமல் தேடிப் பார்க்கும் பொருள் இது.

ஃபயர்மேன் கொடுத்த அடி

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. நூரம்பர்க்கிலிருந்து சரக்கு வருவது நின்றது. ஜெர்மன் சாமான் என்றாலே இங்கிலாந்தில் வெறுப்பு. பதினான்கு ஆண்டுகள் கட்டிய ஏற்பாடு ஒரே மாதத்தில் அறுந்தது. கம்பெனியின் பட்டறை யுத்த வேலைக்குத் திரும்பியது. போர் முடிந்த பிறகு பழைய தொடர்பு மீண்டும் தொடங்கியது. ஆனால் உள்நாட்டிலேயே செய்துகொள்ளும் திறமையும் அதற்குள் வளர்ந்திருந்தது.

அடுத்து வந்த சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. மாடல் பத்திரிகையில் எல்.பி.எஸ்.சி. என்ற எழுத்துகளைப் புனைபெயராக வைத்துக்கொண்டு ஒருவர் எழுதத் தொடங்கினார். அவை லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகள். அந்த ரயில்வேயில் எஞ்சின் துடைப்பவராகவும் ஃபயர்மேனாகவும் வேலை பார்த்தவர் அவர். ஸ்பிரிட் விளக்கும் நீர்க்குழாய் பாயிலரும் தேவையில்லை; நிஜ எஞ்சினைப் போலவே நிலக்கரியை உள்ளே போட்டு எரித்துக் குட்டி எஞ்சினை ஓட்டலாம், அது ஆளையே இழுக்கும் என்று அவர் வாதிட்டார். பாசெட்-லோக் பக்கத்தில் இருந்தவர்கள் இதை ஏற்கவில்லை. அவ்வளவு சிறிய அடுப்பில் நிலக்கரி நின்று எரியாது என்பது அவர்கள் கட்சி.

பத்திரிகைப் பக்கங்களில் நடந்த இந்தச் சண்டைக்குப் 'பாயிலர் யுத்தம்' என்றே பெயர் வந்துவிட்டது. 1924இல் மாடல் பொருட்காட்சியில் இரு கட்சி எஞ்சின்களும் ஜனங்கள் முன் ஓடிக் காட்டின. எல்.பி.எஸ்.சி.யின் எஞ்சின் பெயர் 'ஆயிஷா'. இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் நின்ற அந்த எஞ்சின், நிலக்கரியைத் தின்றுகொண்டு, வளர்ந்த ஆளைச் சளைக்காமல் இழுத்தது.

ஃபயர்மேனுக்குத் தெரிந்த ரகசியம் இதுதான். இரும்பைச் சிறிதாக்கலாம், நெருப்பையும் தண்ணீரையும் அதே கணக்கில் சிறிதாக்க முடியாது. பெரிய பாயிலரில் நூற்றுக்கணக்கான புகைக் குழாய்கள் இருக்கின்றன என்பதற்காகக் குட்டிப் பாயிலரிலும் அத்தனை ஊசிக் குழாய்களை வைத்தால் அவை அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கையைக் குறைத்துக் குழாயைப் பெரிதாக்கினால் தீ மூச்சு விடும். சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஆவியைப் புகைபோக்கிக்கு நேராகச் சரியான துளை வழியே பாய்ச்சினால், அது தீயைத் தானாகவே ஊதிவிடும். ஷெட்டில் கரி அள்ளிய அனுபவம் வரைபலகையை வென்றது.

வியாபாரிக்கு இது மானப் பிரச்சினை. ஆனாலும் பாசெட்-லோக் காலத்தோடு பகைத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் நிலக்கரி எரிக்கும் எஞ்சின்களும் அவற்றுக்கான வார்ப்புகளும் அவர் கம்பெனியின் பட்டியலில் இடம் பெற்றன. பார்க்கப்போனால், தோற்கடித்தவரும் அவர் வளர்த்த கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். பாகம் விற்று, பிரிக்கவும் மாற்றவும் ஜனங்களைப் பழக்கியவர், அவர்களில் ஒருவர் தம்மையே திருத்தும்போது குறைப்பட்டுக்கொள்ள முடியுமா?

மின்சாரம் வந்தது

வீடுகள் சிறுத்துக்கொண்டு வந்தன. கூடம் முழுவதும் தண்டவாளம் போட இடமில்லாதவர்களுக்காக 1922இல் சாப்பாட்டு மேஜையில் அடங்கும் மிகச் சிறிய ரயிலை பிங் கம்பெனி செய்ய, பாசெட்-லோக் விற்றார். 1935இல் 'ட்ரிக்ஸ் ட்வின்' மின்சார ரயில் இங்கிலாந்துக்கு வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்களைத் தனித்தனியே ஓட்டலாம் என்பது அதன் சிறப்பு. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியில் அந்தக் கம்பெனியின் யூத உரிமையாளர்கள் 1938இல் நாட்டை விட்டே போக நேர்ந்தது.

சுவிட்சைத் திருப்பினால் ரயில் ஓடும் காலம் வந்த பிறகும் அவர் நீராவியைக் கைவிடவில்லை. 1931இல் 'என்டர்பிரைஸ்' என்ற பூஜ்ய கேஜ் எஞ்சினை வெளியிட்டார். எளிய அமைப்பு, ஸ்பிரிட் விளக்கு, சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று நிறங்கள். கம்பெனியின் மற்ற எஞ்சின்களைவிட விலை குறைவு. பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். நீராவியின் ருசியை முதல்முதலாகக் காண ஏராளமான சிறுவர்களுக்கு இந்த எஞ்சின் உதவியது.

ஊருக்கு உழைத்தவர்

நார்த்தாம்ப்டனில் அவர் வெறும் வியாபாரியாக மட்டும் இருக்கவில்லை. 1917இல் புளோரன்ஸ் ஜேன் ஜோன்ஸ் என்ற பெண்ணை மணந்தார். தம்பதிகள் குடியேறிய டெர்ன்கேட் 78ஆம் எண் வீடு, தெரு வரிசையில் நெருக்கியடித்து நிற்கும் ஒடுக்கமான வீடு. அதைப் புகழ்பெற்ற ஸ்காட்லாந்துக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷைக் கொண்டு புதுப்பித்தார். 1926இல் ஜெர்மன் கலைஞர் பீட்டர் பெரன்ஸ் வரைந்த 'நியூ வேஸ்' என்ற வீட்டையும் கட்டினார். இங்கிலாந்தில் நவீன பாணியில் எழுந்த முதல் வீடுகளில் அது ஒன்று. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அவருடைய நண்பர். இருவரும் ஃபேபியன் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தொழிற்கட்சி சார்பில் நகரசபை உறுப்பினராக இருந்தார். ஊருக்கு நாடக அரங்கும் பொது நீச்சல் குளமும் அமைவதில் முன்நின்று உழைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவருடைய கம்பெனியின் கைத்திறன் வேறு வகையில் பயன்பட்டது. எதிரிக் கப்பலையும் நம் கப்பலையும் தூரத்திலிருந்தே இனம் காணப் பயிற்சி தருவதற்குச் சிறிய கப்பல் மாதிரிகள் செய்து கொடுத்தார்கள். 1944இல் நேசப் படைகள் பிரான்சில் இறங்கியபோது மிதக்கவிட்ட 'மல்பெரி' செயற்கைத் துறைமுகத்தின் மாதிரிகளும் இங்கே உருவாயின. குட்டி எஞ்சினுக்காகப் பழகிய விரல்கள் பெரும் போருக்கு உதவின.

எஞ்சியது என்ன?

1953ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி பாசெட்-லோக் காலமானார். அவருக்குப் பின் கம்பெனி நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. மலிவான மின்சார ரயில்கள் கடைகளை நிறைத்துவிட்டன. 1960களில் சில்லறை விற்பனை நின்றுபோயிற்று. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி, 2008இல் ஹார்ன்பி கம்பெனி வசம் வந்து சேர்ந்தது. டெர்ன்கேட் வீட்டைப் பழையபடி சீராக்கிப் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எஞ்சின்கள் சாகவில்லை. நூறு வயது தாண்டிய 'பிளாக் பிரின்ஸ்'களும் தொண்ணூறு வயது தாண்டிய 'என்டர்பிரைஸ்'களும் இன்னும் ஆவி விடுகின்றன. காரணம், அவை திறக்க முடியாதபடி மூடி முத்திரையிட்டு விற்கப்பட்டவை அல்ல. திருகாணியைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். தேய்ந்த பிஸ்டனைக் கடைந்து மாற்றலாம். கசியும் மூட்டை மறுபடி பற்றவைக்கலாம். ஓட்டையான பாயிலருக்குப் பதில் புதிய பாயிலர் செய்து மாட்டலாம். கெட்டுப்போனால் வீசிவிட்டு வேறு வாங்கும் பழக்கம் எங்கும் பரவிவிட்ட காலத்தில், தாத்தா எண்ணெய் போட்ட எஞ்சினுக்குப் பேரன் எண்ணெய் போடுகிறான் என்றால், அந்தப் பெருமை பாகங்களைத் தனித்தனியாக விற்கத் துணிந்த அந்தப் பாயிலர்க்காரர் மகனுக்கே சேரும்.